கடலில்லாக் கோரமண்டலும் கடல் வாணிகமும்

பங்காரப்பேட்டையில் ஏறி மாரிக்குப்பம் நோக்கி வருவோர் வழியில் ஒரு சிறு நிலையத்தைக் காண்பர். கோரமண்டல் என்பது அதன் பெயர். சோழமண்டலம் என்னும் சொல்லே ஐரோப்பியர் நாவில் திரிந்து கோரமண்டல் ஆயிற்று என்பர். சோழர் ஆண்ட கீழைக் கடற்கரையின் பெயர், கடலினின்றும் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே தள்ளி, கடல்மட்டத்துக்கு எண்ணூறு மீட்டருக்கும் உயர்ந்த இந்த வறண்ட மேட்டு நிலத்தில் எவ்வாறு வந்து அமர்ந்தது? சுரங்கம் தோண்ட வந்த வெள்ளையர் கம்பெனி ஒன்று தனக்குச் சூட்டிக்கொண்ட பெயர் அது. கம்பெனி மறைந்தது, பெயர் மட்டும் நிலையப் பலகையில் நிற்கிறது.

இப்பெயரைக் காணுந்தோறும் நமக்கு ஓர் எண்ணம் எழுவதுண்டு. கடலைக் காணாமலே வளர்ந்த நம் குழந்தைகளுக்கு, கடல் வாணிகம் தமக்கு எவ்வகையிலும் தொடர்பற்றது என்று தோன்றக்கூடும். உண்மை அதுவன்று. நம் தங்கவயலைத் தோற்றுவித்ததில் கடற்கரைத் துறைமுகங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று நம் இளைஞர் நாள்தோறும் விடியுமுன் எழுந்து பெங்களூருக்கு ரயிலேறிச் செய்யும் வேலைகளிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. புதிய துறைமுகம் ஒன்று தோன்றினால் ஒரு நாட்டின் அயல்நாட்டு வாணிகம் எவ்வாறு மாறுகிறது, அம்மாற்றத்தில் யார் ஏற்றம் பெறுகின்றனர், யார் பின்தங்குகின்றனர் என்பதைச் சங்கத்தின் இவ்வாண்டு மலரில் சற்றே ஆராய்வோம்.

பழந்துறைகள் கற்பிக்கும் பாடம்

துறைமுகம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது காவிரிப்பூம்பட்டினம். அந்நகரின் பண்டசாலையைப் பட்டினப்பாலை வருணிக்கிறது. கடல்வழி வந்த குதிரைகள், வண்டிகளில் வந்த மிளகு மூட்டைகள், வடமலையின் பொன்னும் மணியும், குடமலையின் சந்தனமும் அகிலும், தென்கடல் முத்து, ஈழத்து உணவு, கடாரத்துப் பொருள் ஆகியவை அங்கே குவிந்து கிடந்தன. அவற்றின்மீது சுங்கம் கொள்வோர் புலிப்பொறி இட்டனர். இப்பட்டியலை ஊன்றி நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். அப்பொருள்களில் பட்டினத்திலேயே விளைந்தவை மிகச் சில. குடமலை எங்கோ மேற்கே இருக்கிறது. கடாரம் கடலுக்கு அப்பால் இருக்கிறது. உள்நாட்டையும் வெளிநாட்டையும் இணைக்கும் வாயில் எதுவோ அதுவே துறைமுகம். உள்நாட்டு வழி அடைபட்டாலும் வாயிலுக்குப் பயனில்லை. கடல்வழி அடைபட்டாலும் பயனில்லை.

இரண்டாம் பாடத்தைக் கொற்கை கற்பிக்கிறது. பாண்டியரின் முத்துத் துறையாகிய கொற்கை, தாமிரபரணி கொணர்ந்த மணலால் தூர்ந்து, இன்று கடலைவிட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே சிற்றூராக நிற்கிறது. அதன் இடத்தைக் காயல் பெற்றது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு வியந்தது அந்தக் காயலையே. பின்னர் போர்த்துக்கீசியர் காலத்தில் தூத்துக்குடி தலையெடுத்தது. ஒரே ஆற்றுமுகத்தருகே மூன்று துறைமுகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. வாணிகம் அழியவில்லை, இடம் பெயர்ந்தது. புதிய துறைமுகத்தின் வரவைப் போற்றும்போது, அதனால் வெறிச்சோடிய பழைய துறையையும் எண்ணிப் பார்ப்பதே நடுநிலையாகும்.

துறையற்ற கரையில் எழுந்த துறைமுகம்

1639-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னையில் இடம் பெற்றபோது அங்கே இயற்கைத் துறைமுகம் ஏதும் இல்லை. நேர்க்கோடாக நீண்டு கிடக்கும் மணற்கரை. அதன்மேல் ஓயாது மோதும் அலைகள். கப்பல்கள் கரைக்கு வெளியே திறந்த கடலில் நங்கூரம் பாய்ச்சி நின்றன. அவற்றுக்கும் கரைக்கும் இடையே மசூலாப் படகுகளே போய்வந்தன. ஆணி அறையாமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகுகள் அவை. அலையின் அடிக்கு வளைந்து கொடுக்குமேயன்றி எளிதில் உடையா. ஆனால் சரக்கு நனைந்தது. சில வேளை கடலுக்கே இரையாயிற்று. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் கப்பல்கள் இக்கரையில் நிற்கவே அஞ்சின. இவ்வாறு ஒவ்வொரு மூட்டையும் கரை சேருமுன் ஒரு படகுக்கூலியும் ஓர் இடரும் அதன் விலைமேல் ஏறின. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் சென்னையின் வாணிகம் இப்படித்தான் நடந்தது.

1861-இல் கடலுக்குள் நீண்ட இரும்புத் தூண்பாலம் ஒன்று அமைக்கப்பட்டது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டு, ஐரோப்பாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே இருந்த கடல்வழி பெரிதும் சுருங்கிற்று. பாய்க்கப்பல் போய் நீராவிக் கப்பல் வந்தது. நீராவிக் கப்பலுக்கு ஒவ்வொரு நாளும் பணம். அலை அடங்கும்வரை அது காத்திருக்க இயலாது. ஆகவே செயற்கைத் துறைமுகம் இன்றியமையாததாயிற்று. 1875 டிசம்பரில், அப்போது இந்தியாவுக்கு வந்திருந்த இங்கிலாந்து இளவரசர் சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். அதே பயணத்தில், அதே திங்களில், கொழும்பிலும் அலைத்தடுப்புச் சுவருக்கு அவர் கல் நாட்டினார். ஒரே கையால் நடப்பட்ட அவ்விரு கற்களும் பிற்காலத்தில் ஒன்றுக்கொன்று போட்டியாயின. அதனைப் பின்னர்க் காண்போம்.

சென்னைத் துறைமுகம் 1881-இல் பயன்படத் தொடங்கியது. அவ்வாண்டு நவம்பரிலேயே பெரும்புயல் ஒன்று தாக்கி அலைத்தடுப்புச் சுவர்களைச் சிதைத்தது. மனம் தளராமல் மீண்டும் கட்டினர். கிழக்கு நோக்கியிருந்த வாயிலின் வழியே அலையும் மணலும் புகுந்து தொல்லை தந்தன. 1904 முதல் 1919 வரை துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்னும் பொறியாளரின் காலத்தில் கிழக்கு வாயில் அடைக்கப்பட்டு, வடகிழக்கில் புதுவாயில் திறக்கப்பட்டது. அதன்பின்னரே கப்பல்கள் உள்ளே அமைதியாக நின்று, சுவரோடு சுவராக அணைந்து சரக்கிறக்கும் நிலை உண்டாயிற்று. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் வந்து குண்டு வீசியபோது தீப்பற்றி எரிந்தவை துறைமுகத்தருகே இருந்த எண்ணெய்க் கிடங்குகள். பகைவன் குறிவைக்கும் அளவுக்கு அத்துறைமுகம் நாட்டின் வாணிகத்துக்கு உயிர்நிலையாகிவிட்டது.

துறைமுகமும் தங்கவயலும்

இனி நம் ஊருக்கு வருவோம். துறைமுகம் கரையில் நிற்பது; ஆனால் அதன் கை நீண்டது. அந்தக் கைக்கு இருப்புப்பாதை என்று பெயர். 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடிய ரயில், ஜோலார்ப்பேட்டை வழியாக 1864-இல் பெங்களூரை எட்டியது. நம் பங்காரப்பேட்டை, அந்நாளைய பௌரிங்பேட்டை, அவ்வழியில் ஒரு நிலையம். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்க நிருவாகத்தை ஏற்றனர். 1894-இல் பௌரிங்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்துக்குக் கிளைப்பாதை வந்தது.

இந்த ஆண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ரயில் 1864, துறைமுகம் 1881, சுரங்கம் 1880, கிளைப்பாதை 1894. பூமிக்கடியில் பொன் இருந்தது என்பது பழங்காலத்திலேயே அறிந்த செய்தி. முன்னோர் மேலாகத் தோண்டி எடுத்த குழிகளும் இங்கே இருந்தன. ஆழத்தில் கிடந்த பொன்னை எடுக்கக் கொதிகலன்களும், இறைப்பான்களும், பாறையை இடிக்கும் எந்திரங்களும், இரும்புக் கயிறுகளும், பின்னர் பொன்னைப் பிரிக்கும் சயனைடும் வேண்டியிருந்தன. அக்காலத்தில் அவை கடல் கடந்தே வந்தாக வேண்டும். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்து நம் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொணர்ந்தனர். அந்த மின் எந்திரங்கள் அமெரிக்காவில் செய்யப்பட்டவை. நீர்ச்சுழலிகள் சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டவை. காவிரி நீர் நம்முடையது. அதனை மின்னாக்கிய இரும்பு கப்பலில் வந்தது.

அதே இருப்புப்பாதையில்தான் நம் முன்னோரும் வந்தனர். வடஆர்க்காடு, சித்தூர், சேலம் மாவட்டங்களின் வறண்ட சிற்றூர்களிலிருந்து, பஞ்சத்தாலும் நிலமின்மையாலும் துரத்தப்பட்டுச் சிலர் சென்னை, நாகப்பட்டினம் துறைகளில் கப்பலேறி மலேயாவுக்கும் பிற தீவுகளுக்கும் போயினர். வேறு சிலர் ரயிலேறி இங்கே வந்தனர். கடல் கடந்த தமிழரும், கடலுக்கு முதுகுகாட்டி மலைமேல் ஏறிய தமிழரும் ஒரே வறுமையின் மக்களே என்பதை நாம் மறக்கலாகாது.

இவ்வளவு வந்தன; இங்கிருந்து சென்றது யாது? பொன். பாளம் பாளமாக வார்க்கப்பட்ட பொன் காவலோடு ரயிலேறி, பம்பாய்த் துறைமுகம் வழியாக இலண்டன் சென்றது. நூற்றுக்குமேற்பட்ட ஆண்டுகளில் இந்நிலம் தந்த பொன் ஏறத்தாழ 800 டன் என்பர். அதில் விடுதலைக்கு முன் எடுத்த பெரும்பகுதியின் இலாபப் பங்கு கடலுக்கு அப்பால் இருந்த பங்குதாரர்க்கே உரியதாயிற்று. மைசூர் அரசுக்கு உரிமைத்தொகை கிடைத்தது; நம்மவர்க்குக் கூலி கிடைத்தது; சிலர்க்கு நெஞ்சில் கல்தூசும் கிடைத்தது. துறைமுகங்கள் வளர்ந்தன, ஏற்றுமதிக் கணக்கு வளர்ந்தது என்பது மெய். ஆனால் ஏற்றுமதி மிகுந்த ஊர் செல்வம் மிகுந்த ஊராகிவிடாது என்பதற்கு நம் வரிசை வீடுகளினும் வேறு சான்று வேண்டுமோ?

கப்பல் யாருடையது?

துறைமுகம் நம் கரையில் இருந்தும், கப்பல் பிறருடையதாயின் வாணிகத்தின் கடிவாளம் பிறர் கையிலேயே இருக்கும். இதனை நன்கு உணர்ந்தவர் வ. உ. சிதம்பரனார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆங்கிலேயக் கப்பல் கம்பெனி தனியாட்சி செலுத்திய காலத்தில், 1906-இல் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்தார். காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வாங்கப்பட்டன. எதிர்க்கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து அவரை நசுக்க முனைந்தனர். 1908-இல் அவர் சிறைப்பட்டார். தலைவர் சிறையில் இருக்க, கம்பெனி நிலைக்கவில்லை. வாணிகத்தில் தோற்றதுபோல் தோன்றிய அம்முயற்சி, கப்பற்கூலி நிருணயிக்கும் உரிமையும் விடுதலையின் ஒரு கூறே என்பதை நாட்டுக்கு உணர்த்தியது.

அந்நாளில் தூத்துக்குடியின் கடல் கரையருகே ஆழமற்றது. பெரிய கப்பல்கள் சில மைல் தொலைவில் நிற்க, தோணிகளே சரக்கைச் சுமந்தன. சென்னை 1881-இல் பெற்றதைத் தூத்துக்குடி பெற ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. நகருக்குத் தெற்கே, ஒவ்வொன்றும் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள இரு கல்லணைகளைக் கடலுக்குள் செலுத்திப் புதிய துறைமுகம் உருவாயிற்று. 1974-இல் அது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது, 2011-இல் வ. உ. சிதம்பரனார் பெயர் பெற்றது. தோணிக்காரர் தொழில் சுருங்கியது. ஆயினும் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரியும், உரத்தொழிலுக்கு மூலப்பொருளும் நேரே வந்திறங்கலாயின. புதிய துறைமுகம் பழைய வாணிகத்தை விரைவாக்குவதோடு நிற்பதில்லை. முன்பு இயலாதிருந்த தொழில்களையே இயலச் செய்கிறது.

சுரங்கம் மூடியபின்னும் வாழ்ந்த துறைமுகம்

நம் கன்னட நாட்டின் மேற்குக் கரையில் உள்ள ஒரு சான்று நம்மை நேராகத் தொடுவது. பழைய மங்களூர் ஆற்றுமுகத் துறை. மணல் தூர்வதால் பெரிய கப்பல்கள் அணுக இயலாது. அதன் வடக்கே பணம்பூரில் புதிய மங்களூர்த் துறைமுகம் கட்டப்பட்டு 1975-இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் குதிரேமுக் இரும்புத்தாது நிறுவனம் தொடங்கியது. மலையில் எடுத்த தாதைப் பொடியாக்கி, நீரில் கரைத்து, குழாய்வழியே துறைமுகத்துக்கு அனுப்பிய திட்டம் அது. ஈரான் நாட்டின் கடனுதவியோடு, அந்நாட்டுக்கே தாதை ஏற்றுவதற்கென்று வகுத்தனர். 1979-இல் ஈரானில் புரட்சி வந்தது, வாங்குவோர் விலகினர். கட்டிமுடித்த சுரங்கத்தோடு வேறு நாடுகளைத் தேடவேண்டியதாயிற்று. ஒரே பொருளை ஒரே நாட்டுக்கு விற்பதில் உள்ள இடர் இது. பின்னர்க் காடும் ஆறும் காக்கப்பட வேண்டி, உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 2005-ஆம் ஆண்டின் இறுதியோடு அம்மலையில் தாது எடுப்பது நின்றது.

சுரங்கம் நின்றது, துறைமுகம் நின்றதா? இல்லை. அதற்குள் அங்கே எண்ணெய் சுத்திகரிப்பாலை எழுந்துவிட்டது. கச்சா எண்ணெயும், சமையல் எரிவாயுவும், நிலக்கரியும் வந்திறங்கின. குடகு, சிக்கமகளூர்க் காப்பிக்கொட்டை ஏறிச் சென்றது. ஒரு பொருளுக்கெனப் பிறந்த துறைமுகம் பல பொருளால் பிழைத்துக்கொண்டது. ஒரு பொருளுக்கெனப் பிறந்த நம் நகருக்கோ அவ்வாய்ப்பு வாய்க்கவில்லை. 1964-இல் இங்கே தோன்றிய பாரத் எர்த் மூவர்ஸ் தொழிற்சாலை ஒன்றே விலக்கு.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களை நம் குடும்பங்கள் மறவா. அத்திங்களின் 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதே பிப்ரவரியின் முதல் நாள், சென்னைக்கு வடக்கே எண்ணூரில் புதிய துறைமுகத்தைப் பிரதமர் வாஜ்பாய் நாட்டுக்கு அர்ப்பணித்தார். வடசென்னை அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்கவே அது முதலில் எழுந்தது. 2014-இல் காமராசர் பெயர் சூட்டப்பட்ட அத்துறைமுகத்திலிருந்து இப்போது மோட்டார் கார்களும் கடல் கடக்கின்றன. ஒரே திங்களில் ஒரு வாயில் திறந்தது. ஒரு வாயில் அடைந்தது. இரண்டுக்கும் நேர்த்தொடர்பு இல்லை எனினும், நாட்டின் பொருளாதாரம் எத்திசை திரும்பிற்று என்பதற்கு அத்திங்கள் ஓர் அடையாளம்.

பெட்டக யுகம்

அத்திருப்பம் எப்போது தொடங்கிற்று? 1956-ஆம் ஆண்டில் மைசூர் அரசு நம் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கிற்று. அதே ஆண்டில் அமெரிக்காவில் மால்கம் மக்லீன் என்னும் வணிகர், சரக்கை மூட்டை மூட்டையாக ஏற்றாமல், இரும்புப் பெட்டகங்களில் அடைத்து அப்படியே கப்பலில் ஏற்றும் முறையைத் தொடங்கினார். அப்போது அதை இங்கே யாரும் பொருட்படுத்தியிருக்கமாட்டார்கள். ஆனால் உலக வாணிகத்தை மாற்றியது அந்தப் பெட்டகம். சுமை தூக்குவோர் பல நாள் செய்த வேலையைப் பாரந்தூக்கி சில மணியில் முடித்தது. களவும் சேதமும் குறைந்தன. ஆலையின் வாயிலில் பூட்டிய பெட்டியை அயல்நாட்டில் வாங்குவோன் வாயிலில் திறக்கலாமாயிற்று.

சென்னையில் 1983-இல் இந்தியாவின் முதல் தனிப் பெட்டக முனையம் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1981-இல், கடலில்லாத பெங்களூரில் உள்நாட்டுப் பெட்டக நிலையம் அமைந்தது. சுங்கச் சோதனையை உள்நாட்டிலேயே முடித்து, பெட்டகத்தை ரயிலேற்றித் துறைமுகத்துக்கு அனுப்பும் ஏற்பாடு அது. துறைமுகமே நிலத்தின்மேல் நடந்து உள்ளே வந்துவிட்டது என்னலாம். பங்காரப்பேட்டை மேடையில் நிற்கும்போது, கணக்கெடுக்க முடியாத நீளத்தில் வண்ணப்பெட்டிகளைச் சுமந்து செல்லும் சரக்கு ரயில்களை நாம் காண்கிறோமே, அவை அந்தக் கடலின் நீட்சியே. அதே வழியில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல்தொழில் வளர்ந்ததும், திருப்பெரும்புதூரில் கார் ஆலைகள் எழுந்ததும் துறைமுகம் அருகிருந்ததால் பெற்ற ஊக்கத்தாலேயாம்.

எனினும் ஒரு குறை நீடித்தது. பெட்டகக் கப்பல்கள் ஆண்டுதோறும் பெருத்தன. அத்தகைய தாய்க்கப்பல்களுக்கு ஆழமான நீரும், பன்னாட்டுக் கப்பல் தடத்துக்கு அருகே இடமும், ஒருங்கே நிறைந்த சரக்கும் வேண்டும். இவற்றைக் கொழும்பு முன்கூட்டி அமைத்துக்கொண்டது. 1875-இல் கல் நாட்டப்பட்டபின், 1880-களில் அது காலித் துறைமுகத்தின் கப்பல்களை ஈர்த்துக்கொண்டது. பின்னர் நம் நாட்டுப் பெட்டகங்களையே ஈர்க்கலாயிற்று. நம் பெட்டகங்கள் சிறு கப்பலேறிக் கொழும்பு சென்று, அங்கே இறங்கி, தாய்க்கப்பலில் மீண்டும் ஏறின. இவ்வாறு கைமாறும் இந்தியச் சரக்கில் நான்கில் மூன்று பங்கு கொழும்பு, சிங்கப்பூர், கிள்ளான் முதலிய அயல்துறைகளில் கைமாறியதாக அரசே கூறியது. இருமுறை ஏற்றி இறக்கும் கூலியும் காத்திருக்கும் நாளும் நம் பொருளின் விலைமேல் ஏறும். மசூலாப் படகின் கூலி வேறு உருவில் திரும்பி வந்ததல்லவா?

இக்குறை நீங்கவே 2011-இல் கொச்சி வல்லார்பாடத்தில் பெட்டக முனையம் திறந்தனர். திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞத்தில், இயற்கையிலேயே 18 மீட்டருக்குக் குறையாத ஆழமுள்ள கடலில் புதிய துறைமுகம் கட்டினர். 2024 ஜூலையில் அங்கே முதல் தாய்க்கப்பல் வந்தது. 2025 மே 2-ஆம் நாள் அது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆழம் மட்டும் போதாது என்பதற்கு இலங்கையின் அம்பாந்தோட்டை சான்று. 2010-இல் கடன்பட்டுத் திறந்த அத்துறைமுகத்துக்குப் போதிய கப்பல்கள் வாராமையால், 2017-இல் அதைச் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட நேர்ந்தது. பின்னே விளையும் நாடு இன்றேல், முன்னே கடல் இருந்தும் பயனில்லை.

துறைமுகம் கேட்கும் விலை

துறைமுகத்தால் வரும் நன்மையை மட்டும் சொல்லி நிறுத்துவது முறையன்று. இக்கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகரும் இயல்புடையது. சென்னைத் துறைமுகத்தின் கற்சுவர் அதைத் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரீனாக் கடற்கரை விரிந்தது. வடக்கே இராயபுரத்துக்கு அப்பால் கடல் கரையைத் தின்று மீனவர் குடியிருப்புகளை விழுங்கியது. ஒருவர் காற்று வாங்கும் மணல் மற்றொருவர் இழந்த மனை. நிலக்கரித் தூசியும் இரும்புத்தாதுத் தூசியும் வடசென்னை மக்களின் மூச்சில் கலந்தமையால், உயர் நீதிமன்ற ஆணைப்படி 2011-இல் சென்னைத் துறைமுகத்தில் அவற்றைக் கையாள்வது நிறுத்தப்பட்டது. நிலக்கரி எண்ணூருக்குச் சென்றது. தூசி ஒழியவில்லை, அதுவும் இடம் பெயர்ந்தது. சயனைடு மேடுகளிலிருந்து ஆடிக்காற்றில் எழும் புழுதியைத் துடைத்தே வாழ்ந்த நமக்கு, எண்ணூர் மக்களின் துயரத்தை யாரும் விளக்க வேண்டுவதில்லை.

நாம் பெறும் தெளிவு

இறுதியாகப் பொன்னைப் பற்றியே ஒரு சொல். விடுதலைக்குப் பின் நம் பொன் நாட்டிலேயே தங்கிற்று. ஆனால் 1991-இல், வாங்கியது மிகுந்து விற்றது குறைந்து, அயல்நாட்டுச் செலாவணி ஏறக்குறைய வற்றிய வேளையில், ரிசர்வ் வங்கி ஏறத்தாழ 47 டன் பொன்னை இலண்டனுக்கு விமானத்தில் அனுப்பி அடகு வைத்துக் கடன் பெற்றது. நாம் வாழும் இந்நாளிலோ ஓர் ஆண்டில் எழுநூறு, எண்ணூறு டன் பொன்னை நம் நாடு இறக்குமதி செய்யும் நிலை வந்துள்ளது. நம் பாட்டன், தந்தை, நாம் எனத் தலைமுறை தலைமுறையாக மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம்வரை இறங்கி, நூற்றிருபது ஆண்டுகளில் எடுத்த பொன் அனைத்தும் ஓராண்டு இறக்குமதிக்கு ஈடு! இதனால் நம் உழைப்பு சிறிது என்று எவரும் கருதற்க. மண்ணிலிருந்து எடுத்து அப்படியே விற்கும் பொருள் ஒரு நாட்டை நெடுங்காலம் தாங்காது என்பதே இதன் பொருள். செய்பொருளே தாங்கும், செய்யும் கையே தாங்கும்.

புதிய துறைமுகம் ஒவ்வொன்றும் நம் பக்கம் ஒரு வினாவை வீசுகிறது: ஏற்றுவதற்கு உங்களிடம் என்ன உண்டு? நம் முன்னோர் பொன் என்றனர். அவ்விடை தீர்ந்துவிட்டது. சுரங்கப் பட்டறைகளில் இரும்பை இழைத்தும், கயிற்றுச்சக்கரம் ஓட்டியும், ஆழத்தில் மரத்தூண் நிறுத்தியும் பழகிய கைகளின் பேரப்பிள்ளைகள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்கள் கற்ற தொழிலுக்கு இவ்வூரிலேயே இடம் கிடைக்குமாறு அரசினரைக் கேட்பது நம் கடமை. மூடிய சுரங்கத்தைச் சூழ்ந்த நிலங்களில் தொழிற்சாலைகள் எழுந்தால், பங்காரப்பேட்டை வழியே செல்லும் பெட்டகங்களில் சில இங்கேயே நின்று நிறைந்து செல்லும். அதுவரை நம் பிள்ளைகள் விடியற்கால ரயிலில் நின்றுகொண்டே பெங்களூர் சென்று, பிறர் ஊர்ப் பெட்டகங்களை நிரப்பிவிட்டு, இருட்டியபின் வீடு திரும்ப வேண்டியதுதான்.

அடுத்த முறை கோரமண்டல் நிலையத்தைக் கடக்கும்போது, பக்கத்தில் அமர்ந்திருக்கும் குழந்தைக்கு அப்பெயரின் கதையைச் சொல்லுங்கள். கடல் இங்கில்லை, ஆனால் கடல்வழியே வந்ததும் போனதும் சேர்ந்து ஆக்கிய ஊர் இது என்பதை அக்குழந்தை அறியட்டும். எது வந்தது, எது போனது, யாருக்குப் போனது என்று கேட்கப் பழகிய பிள்ளை, நாளை தன் உழைப்பின் விலையையும் கேட்டுப் பெறும்.